பதினேழாம் நம்பர் கிணறு

ஐப்பசி 22, சனிக்கிழமை

என் கண்ணு தணிகைமணிக்கு உன் அம்மா எழுதறது. அந்த மஸ்கட் வெயில்ல ஒடம்புக்கு ஒண்ணும் வராம, வேளைக்கு சாப்ட்டு, நல்லபடியா தூங்கி எழுந்து நீ இருக்கணும்னு கடவுளைக் கும்புட்டுகினு ஆரம்பிக்கறேன். இங்க நாங்க மூணு பேரும் நடமாடிகினு இருக்கோம், அதுக்கு மேல நல்லா இருக்கோம்னு எழுத எனக்குக் கை வரல. உங்க நைனாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்குது, தைலம் தேச்சா தேச்ச எடம்தான் எரியுது வலி போவலன்னு என்னைத் திட்டிகினு இருக்காரு, என்னமோ தைலத்தை நான் காய்ச்சின மாதிரி. செவலை கன்னு போட்டுது, கிடேரிதான். போன்ல எல்லாம் நல்லாருக்கோம்னு சொல்றேனே, அது பொய்யி. மூணு வாரமா ஞாயித்துக்கிழமை உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு பார்க்கறேன், ஏம்மா இப்படிப் பண்ணன்னு நீ ஒரு வார்த்தை கேட்டுடுவியோன்னு போனை உங்க நைனாகிட்ட குடுத்துட்டு மாட்டைப் பார்க்கப் போயிடறேன்.

ஆவணியில உன் தங்கச்சி சுதாவைப் பொண்ணு பார்க்க ஆர்.கே.பேட்டை பக்கத்துல இருந்து வந்தாங்களே, அன்னிக்கு நடந்தது உனக்கு முழுசா தெரியாது. பையன் பேரு குமரவேல், தங்கமான பையன், நிலம் நீச்சு இருக்கிற குடும்பம். வர்ற சம்மந்திக்கு மொதல்ல நீட்டறது சொம்புத் தண்ணிதான், அதுவும் சொந்தக் கிணத்துத் தண்ணியா இருந்தாத்தான் நம்ம பக்கம் மரியாதை, கேனைக் கண்டா இவங்க கிணத்துக்கு இன்னா கேடுன்னு அப்பவே மூஞ்சியைச் சுளிச்சுடுவாங்க. நம்ம கிணறு இருந்த லட்சணம் நீ போறதுக்கு முன்னாடியே பார்த்ததுதான். மேல சாயப்பட்டறைங்களை இழுத்து மூடி எத்தினியோ வருசம் ஆச்சு, ஆனா ஆத்தங்கரையில அவனுங்க கொட்டின சாயக் கசடு அப்படியே கெடந்து மண்ணுல ஊறி ஊறி, கிணறு பீட்ரூட்டு வேகவச்ச தண்ணி மாதிரி ஆயிடுச்சு. அதனால அவங்க வர்றதுக்கு மூணு நாள் முன்னாடி உங்க நைனா பள்ளிப்பட்டு போயி படிகாரம் வாங்கியாந்தாரு, நான் சுண்ணாம்பைக் கரைச்சு ஊத்தி, படிகாரத்தைத் துணியில கட்டிக் கயித்துல உட்டு கிணத்தைச் சுத்திச் சுத்தி இழுத்தேன். மழையில கலங்கின தண்ணிக்கு எப்பவும் செய்யறதுதானே. நெறமெல்லாம் அடியில போயி படிஞ்சு, அன்னிக்குக் காலையில எட்டிப் பார்த்தா என் மூஞ்சி தெரியுது. குடிக்க மட்டும் கேன் தண்ணியை சொம்புல ஊத்தி வச்சேன், கைகால் கழுவறதுக்கும் பார்வைக்கும் கிணறு. எவ்ளோ சாமர்த்தியம் பார்த்தியா உங்கம்மாவுக்கு, பாவி.

அவங்க சாப்ட்டு கை கழுவிகினு கிணத்தாண்ட நிக்கறாங்க, ஜீப் வந்து நிக்குது. கோர்ட்டு சொல்லி கெவர்மெண்டு போட்ட கமிட்டி, ஆத்தைச் சுத்தம் பண்ற வேலையை மேல்பார்வை பாக்கறவங்க. நீ பாட்டில்ல தண்ணி புடிச்சிகினு, கைப்பட மனு எழுதிகினு, வேலைக்கு லீவு போட்டு ஆபீசு ஆபீசா அலைஞ்சியே, அதனால வந்தவங்கதான். சொல்லாம வந்து எடுத்தாத்தான் நெசம் தெரியும்னு அவங்க முறையாம். அதுல ஒரு ஆபீசரம்மா தண்ணி எடுக்கறதுக்கு முன்னாடி என்னைப் பார்த்து, கிணத்துல மருந்து கிருந்து எதுனா போட்டீங்களாம்மான்னு கேட்டாங்க. மாப்ளை பையனோட அம்மா என் பக்கத்துலயே நிக்கறாங்க. இல்லீங்கன்னு சொன்னேன். எதுவும் போடலன்னு எழுதியிருந்த தாள்ல கையெழுத்தும் போட்டேன். நம்ம கிணத்துக்கு நம்பர் பதினேழு. நம்ம கெழக்குக் கரை பூராவுக்கும் அவங்க எடுத்தது அது ஒண்ணுதான்னு எனக்கு அப்ப தெரியாது கண்ணு, தெரிஞ்சிருந்தா மட்டும் வாயைத் திறந்திருப்பனான்னு இப்ப சத்தியம் பண்ண முடியல.

புரட்டாசியில ஊராட்சி ஆபீசுல மேப் ஒட்டினாங்க. மேற்குக் கரை பூரா செவப்பு, அங்க கசடை அள்ளி, மண்ணை மாத்தி, குழாய் இழுத்துத் தண்ணி குடுப்பாங்க. ஆத்துக்கு இந்தப் பக்கம் வெள்ளை. பதினேழாம் நம்பர்ல எல்லாம் அளவுக்குள்ள இருக்குது, கெழக்குக் கரைக்குச் சுத்தம் பண்ற வேலை தேவையில்லன்னு கீழ எழுதியிருந்துது. நமக்கு வந்துகினு இருந்த தண்ணி லாரியும் நின்னுபோச்சு. போயி உண்மையைச் சொல்லிடலாம்னு உங்க நைனாகிட்ட சொன்னேன், கல்யாணம் முடியட்டும் வாயை மூடிகினு இருன்னாரு. ஆங், மூடிகினு இருந்தேன். அதோட உட்டனா, சம்மந்தி வீட்டாளுங்க எப்ப வேணா வருவாங்கன்னு வாரம் ஒரு தரம் படிகாரத்தையும் உட்டுகினு இருந்தேன். அப்புறம் ஒரு நாள் கழனியில இருந்து சீக்கிரமா திரும்பினா, நம்ம ஊரு எல்லப்பன் மருமவ காஞ்சனா, கொழந்தையை இடுப்புல வச்சிகினு நம்ம கிணத்துல தண்ணி சேந்தறா. கொழந்தைக்குக் கஞ்சி காய்ச்சவாம். ஓடிப்போயி குடத்தைத் தட்டி உட்டேன். அவ மொகம் செத்துப்போச்சு. ஒரு குடம் தண்ணிக்கா பெரீம்மா இப்படிப் பண்றீங்க, நல்ல கிணறுன்னு கெவர்மெண்டே எழுதி ஒட்டியிருக்குதேன்னு அழுதா. அது நல்ல கிணறு இல்லடி, நான் பண்ணின வேலைடின்னு அங்கியே எல்லாத்தையும் கொட்டினேன். அவ கத்தல, திட்டல. நாலு நாளா இதைத்தான் புள்ளைக்குக் குடுத்துகினு இருக்கேன்னு சொல்லிட்டு, காலிக் குடத்தை எடுத்துகினு போயிட்டா. கொழந்தைக்கு வயித்தால போயி ஆஸ்பத்திரில வச்சிருந்தாங்க, இப்ப தேவலை.

அதுக்கு அடுத்த வாரம் திருத்தணியில கூட்டம், மேப்புக்கு ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்னு. நானும் காஞ்சனாவும் ஒரே பஸ்ஸுல போனோம், வேற வேற சீட்டுல. மைக்கைக் கையில குடுத்தாங்க, சொல்லிட்டேன், படிகாரம், சுண்ணாம்பு, கையெழுத்து எல்லாத்தையும். அந்த ஆபீசரம்மா கோவப்படல, தலையைக் குனிஞ்சு எழுதிகினாங்க. பட்டறைக்காரங்க வக்கீலு ஒருத்தன் எழுந்தான். தெளிய வைக்கத் தெரிஞ்சவங்களுக்குக் கலக்கத் தெரியாதா, இந்த ஊர்லருந்து வந்த எந்தத் தண்ணியை நம்பறது, எந்த மனுவை நம்பறதுன்னு, நீ எழுதின மனுவைத் தூக்கிக் காட்டிக் கேட்டான். உன் கையெழுத்து எனக்கு தூரத்துலருந்தே தெரியும். அதைத்தான் கண்ணு உன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. நீ ஒத்த ஆளா அலைஞ்சு சேர்த்த பேரை உங்கம்மா ஒரு இல்லீங்கன்ற வார்த்தையில தொலைச்சுட்டேன்.

கடைசியில கமிட்டி சொன்னது இதுதான், மேற்குக் கரை வேலை நடக்கும், கெழக்குக் கரைக்கு அதே கிணத்துல இன்னொரு தரம், ஒரே ஒரு தரம் தண்ணி எடுப்பாங்க, அதுல வர்றதுதான் முடிவு. மறுநாளே கம்பி வலையைப் போட்டு பூட்டி சீல் வச்சுட்டுப் போயிட்டாங்க. என்னிக்கு வருவாங்கன்னு சொல்லல. ஆர்.கே.பேட்டையில இருந்து யோசிச்சு சொல்றோம்னு ஆள் மூலமா சொல்லியனுப்பிட்டாங்க, அதுக்கு இன்னா அர்த்தம்னு உனக்கே தெரியும். பொய் சொன்னதும் எனக்காகன்ற, உண்மையைச் சொன்னதுலயும் என் வாழ்க்கைதான் போச்சுன்னு சுதா கேட்டா, அதுக்கப்புறம் என்கிட்ட பேசல. எல்லப்பன் வீட்டு ஆளுங்க நம்ம வாசப்பக்கமே திரும்பறதில்ல. தப்புன்னு சொல்ல மாட்டேன்.

இப்ப மழை. எட்டு நாளா உடாம ஊத்துது. ஆத்துல தண்ணி வந்துடுச்சு, கிணறு ரெண்டு ஆள் மட்டம் ஏறிடுச்சு, ஊரே சந்தோசமா இருக்குது, உங்க நைனா நாத்து உட்டிருக்காரு. நான் காலையில எழுந்ததும் வலை வழியா எட்டிப் பார்க்கறேன், படிகாரம் நிறுத்தினதும் திரும்ப வந்த அந்த செவப்பு நாளுக்கு நாள் வெளுத்துகினே போவுது. மேல நிக்கறது புதுத்தண்ணி, மழை உட்ட ரெண்டு மாசத்துல அடியில இருக்கிறது ஏறி வந்துடும், அது எனக்குத் தெரியும், அவங்க பாட்டிலுக்குத் தெரியாது. கமிட்டிக்குப் போன் போட்டு மழை நின்னப்புறம் வாங்கன்னு கேட்டோம், தேதியை மாத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லம்மான்னு சொல்லிட்டாங்க, அவங்களைச் சொல்லி இன்னா பண்றது, என்னை எப்படி நம்புவாங்க. கழனி வச்சிகினு இருக்கிற வூட்டுப் பொம்பளை நான், வானத்தைப் பார்த்து நின்னு, போதும் நிறுத்துன்னு கெஞ்சறேன். கிருத்திகைக்கு மலைக்குப் போயி எல்லாரும் புள்ளைக்கும் பயிருக்கும் வேண்டிகினு நிக்கறாங்க. நான் எங்க கிணத்துத் தண்ணி நல்லா இருக்கக்கூடாது முருகா, அவங்க வர்ற அன்னிக்கு அது விஷமாவே இருக்கணும்னு வேண்டிகினு வந்தேன்.

லீவு போட்டுகினு ஓடி வராதே. கோவம் வந்தா கோவப்படு, ஆனா கோவத்துல சாப்பிடாம படுத்துடாதே, அது உன் பழக்கம். போன்ல சுதா எதிர்ல இதைப் பத்தி ஒண்ணும் கேக்காதே, உங்க நைனாகிட்டயும் முட்டி வலியைப் பத்தி மட்டும் பேசு. நீ ஒரு கொறையும் இல்லாம நூறு வருசம் இருக்கணும், செஞ்ச நல்லதெல்லாம் உனக்கே வந்து சேரணும், நான் செஞ்சது என்னோட போவட்டும்.

உன் அம்மா
ரத்தினம்மாள்