வாத்துப் படம் போட்ட பாட்டிலை நிலத்தடி நீர் மாதிரியாகக் காட்டிய அறிக்கை குறித்து

அனுப்புநர்:
பேட்டரி மறுசுழற்சித் தொழிற்கூடத்தின் பின்சுவரை ஒட்டிய கடைசி வீட்டில் குடியிருப்பவர்

பெறுநர்:
மாவட்டச் சுற்றுச்சூழல் அலுவலர் அவர்கள்

பொருள்: மேற்படி தொழிற்கூடத்தை இருமடங்காக விரிவாக்குவதற்கான பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையை ரத்து செய்து, மறுபடி மாதிரி எடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆட்சேபம் தெரிவிக்கும் கெடு போன வெள்ளியோடு முடிந்துவிட்டது. தாமதத்துக்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. 212 பக்க அறிக்கையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி, முதல் பக்கத்தை மட்டும் தெரியும்படி வைத்தது தங்கள் அலுவலகம். மீதி 211 பக்கங்களைப் பார்க்க, இடுப்பில் குழந்தையோடு நான்கு முறை நடந்தேன்.

2. மின்வாகனங்களின் பழைய பேட்டரிகளைக் குப்பையில் எறியாமல் மறுபடி பயன்படுத்துவதை நான் எதிர்க்கவில்லை. என் கணவர் ஓட்டுவதும் பேட்டரி ஸ்கூட்டர்தான். ஆனால் பிரிப்பதற்கு முன் மிச்சமுள்ள மின்சாரம் இறங்கட்டும் என்று பேட்டரிகளை ஆறு உப்புநீர்த் தொட்டிகளில் ஊறப் போடுகிறார்கள். அந்தத் தொட்டிகளின் நீர் வாரம் ஒருமுறை எங்கள் பின்சுவரோர வடிகாலில் திறந்துவிடப்படுகிறது. இதைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

3. ஆறு வாரங்களுக்கு முன் இந்த அறிக்கைக்காக நிலத்தடி நீர் மாதிரி எடுக்க இருவர் வந்தனர். வெயில் என்று கொல்லைப்புற ஆழ்துளைக் கிணற்றுப் பக்கமே போகவில்லை. கையில் பாட்டிலும் இல்லை. "டெஸ்டுக்கு ஒரு பாட்டில் தண்ணி குடுங்கக்கா" என்று வாசலில் நின்றே கேட்டனர். வீட்டுக்கு வந்தவர்களுக்கு நல்லதைக் கொடுக்கும் பழக்கத்தில், உப்பை நீக்கும் ஆர்.ஓ. ஃபில்டரில் பிடித்து, காய்ச்சி ஆற்றி, என் இரண்டு வயது மகளுக்காக வைத்திருந்த தண்ணீரை அவளுடைய பாட்டிலோடு கொடுத்துவிட்டேன். தவறு என்னுடையதுதான். வேதியியலில் பட்டம் பெற்றவள் நான். "படிச்சு என்ன அண்ணி பிரயோஜனம்? எந்தத் தண்ணின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று என் நாத்தனார் இன்றும் குத்திக்காட்டுகிறாள். என்னைக் குத்திக்காட்ட அவளாவது இருக்கிறாள். அந்த இருவரையும் கேட்க யார் இருக்கிறார்கள்?

4. அறிக்கையின் 41ஆம் பக்கத்தில், "அருகிலுள்ள குடியிருப்பின் நிலத்தடி நீர்: கரைந்த உப்பு லிட்டருக்கு 38 மில்லிகிராம், மிகத் தூய்மை" என்று உள்ளது. சோப்பு போட்டால் நுரைகூட வராத எங்கள் கிணற்று நீரில் முப்பத்தெட்டா? கையெழுத்திட்டவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டாமா? பக்கத்திலேயே மாதிரியின் புகைப்படம் இருக்கிறது. நீல மூடி, மஞ்சள் வாத்து. அந்த வாத்து என் மகளுடையது.

5. குளிக்க மட்டும் அவளுக்குக் கிணற்று நீர்தான். இரண்டு மாதமாக முழங்கால் மடிப்பில் தோல் உரிந்து, சொரிந்து சொரிந்து இரத்தம் கசிகிறது. மருத்துவரிடம் தண்ணீரைச் சொன்னேன். நான் கைபேசியில் படமெடுத்து வைத்திருந்த 41ஆம் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி சுத்தம்னுதானேம்மா போட்டிருக்கு, சோப்பை மாத்திப் பாருங்க" என்றார். என் மகளுக்காக நான் காய்ச்சிய தண்ணீரே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அதையே காட்டித்தான் இன்னும் ஆறு தொட்டிகளுக்கு அனுமதி தரப் போகிறீர்கள்.

6. ஆகவே 41ஆம் பக்கத்தை நீக்க வேண்டும். தொட்டி திறக்கப்படும் நாளில், என் கண்முன்னே, கிணற்றிலும் வடிகாலிலும் மாதிரி எடுக்க வேண்டும். முடிவு வரும்வரை விரிவாக்க அனுமதியை நிறுத்திவைக்க வேண்டும். வாத்துப் பாட்டிலைத் திருப்பித் தர வேண்டும். மகள் தினமும் கேட்கிறாள்.

7. இத்துடன் இரண்டு பாட்டில்கள் இணைத்துள்ளேன். ஒன்றில் ஃபில்டர் தண்ணீர், மற்றதில் கிணற்றுத் தண்ணீர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எது எதுவென்று மேலே எழுதவில்லை. கண்டுபிடிப்பது தங்கள் அலுவலகத்தின் வேலை. கண்டுபிடிக்கும் வரை, தங்கள் வீட்டுக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

பதிலுக்காகத் தங்கள் அலுவலக வாசலிலேயே காத்திருக்கப் போகும்,

(கையொப்பம்)
கடைசி வீட்டுக்காரி

இடம்: பின்சுவரோரம்
நாள்: கெடு முடிந்த நான்காம் நாள்