கீல் பக்கம் பூட்டு

என் தங்கத்துக்கு,

நீ உருவாக்கும் வீடியோ கேமின் இணையப் பக்கத்தில் 'பொறுமைசாலி' என்ற பெயரில் தினம் ஒரு கேள்வி கேட்டு உன் உயிரை வாங்கும் ஆசாமி நான்தான். எந்தக் கம்பெனியும் எடுக்காத கேமுக்கு ரசிகர்களே பணம் போடலாம் என்று நீ அறிவித்த அன்றே போட்டுவிட்டேன். போட்டவர்களுக்கு வாராவாரம் கடிதம் எழுதுகிறாய். வீட்டுக்குத்தான் இரண்டு வருடமாக ஒரு வரி இல்லை.

போன வாரக் கடிதத்தில் போட்ட கேம் படத்தில் ஒரு கதவின் கீல் பக்கத்திலேயே பூட்டை வரைந்திருந்தாய். பூட்டு ரிப்பேர்காரன் மகள் செய்கிற காரியமா அது? பொறுக்காமல் எழுதினேன். "ஐயோ, எங்கப்பா பாத்தா தொலைச்சிடுவாரு! உடனே மாத்திடறேன்" என்று பதில் போட்டாய். அதை உன் அம்மாவுக்கு நாலு தடவை படித்துக் காட்டினேன்.

பணம் போட்டவர்களையும் கேமுக்குள் வரைவதாகச் சொல்லி, என்ன வசனம் வேண்டும் என்று கேட்டிருந்தாய். என்னை அந்தக் கதவோரம் நிறுத்து. வசனம் வேண்டாம். "இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று நீ வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று நான் பேசியதே ஜென்மத்துக்கும் போதும்.

யோசித்தால், அந்தக் கதவுக்குப் பூட்டே வேண்டாம். நம் வாசல் பூட்டையும் நேற்று கழற்றிவிட்டேன். அம்மா திட்டிக்கொண்டே இருக்கிறாள். திருடன் வருவதற்குள் நீ வந்துவிடு.

பொறுமையே இல்லாத,
அப்பா