அண்ணன் எண்ணிலிருந்து வந்த எழுநூறு

அன்புள்ள அம்மாவுக்கு, கத்விரி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும், அதனால்தான் கடிதம்.

கினோட்டி அண்ணன் இருந்தவரை, மாதம் ஐந்நூறு ஷில்லிங்கை அவன் போன் எண்ணில் இருக்கும் பணக் கணக்குக்கு அனுப்பிவைப்பேன். "உன் கையில இருந்தா எண்ணெயில பொரிச்ச மந்தாசியா வாங்கித் தின்னே தீத்துடுவ, எங்கிட்ட குடு" என்பான். கல்லூரிக்கு ஃபீஸ் கட்டும்போது திருப்பித் தருவான். எப்போதும் இருநூறு கூடவே வரும்.

செவ்வாய்க்கிழமை நூலக வேலைக்குச் சம்பளம் வந்தது. பழக்கதோஷத்தில் ஐந்நூறை அவன் எண்ணுக்கே அனுப்பிவிட்டேன். அவன் போய் ஏழு மாதம். பணம் அவ்வளவுதான் என்று உட்கார்ந்திருந்தேன். ஐந்தே நிமிடத்தில் அவன் பெயரில் எழுநூறு வந்தது.

அறைத்தோழி நசிமியு பீன்ஸ் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"எங்க அண்ணன் பணம் போட்டிருக்கான்டி."

கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். பிறகு சிரித்தோம்.

பைக்கோடு அவன் போனும் நொறுங்கிவிட்டது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அது உங்களிடம்தான் இருக்கிறது, இல்லையா அம்மா? சார்ஜ் போட்டு, ரீசார்ஜும் செய்து வைத்திருக்கிறீர்கள்.

பஸ் டிரைவரிடம் கொஞ்சம் பீன்ஸும் அவனுடைய மழைக்கோட்டும் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. எழுநூறையும் அவன் எண்ணுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஃபீஸ் கட்டும்வரை அவனே வைத்திருக்கட்டும்.

உங்கள் மகள்
கத்விரி