நான் திருத்தாத ஒரு சொல்

புதுக்கோட்டை,
தூத்துக்குடி வழி.
11-2-47, செவ்வாய்

அன்பு மகள் சண்முகத்தாய்க்கு சித்தி எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உன் மகன் காசிலிங்கமும் சுகமாக இருக்கிறோம். கொழும்பில் நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும்.

மூன்று மாதமாக உனக்கு எழுதாமல் விட்ட ஒன்றை முதலில் எழுதிவிடுகிறேன். கார்த்திகையில் காசியைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு முதன்முதலாகத் தூக்கிக்கொண்டு போன அன்று, நர்ஸ் முத்துக்கனியம்மாள் அவன் பெயரைப் பதிந்துவிட்டு, நீங்கதானே தாய் என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் எழுதிக்கொண்டார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒருவர் கால் வளைந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பெத்தவ வரட்டும், மத்தவங்களுக்குக் கை கால் பயிற்சி சொல்லிக்கொடுத்தா ரெண்டு நாள் செய்வாங்க, மூணாம் நாள் விட்டுருவாங்க என்று நர்ஸம்மாள் அவரைத் திருப்பி அனுப்பியது என் காதில் விழுந்தது. நான் உன் அப்பாவுக்கு இரண்டாந்தாரமாக வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, உனக்குப் பன்னிரண்டு. உன் அம்மாவின் இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் அன்றே என்னைச் சித்தி என்று கூப்பிடச் சொன்னேன். அப்படிப்பட்டவள் உன் இடத்தில் என்னை எழுதவிட்டேனே என்று பஸ்ஸில் திரும்பும்போது மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் காசியைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தால் அவன் இந்தத் தையைப் பார்த்திருப்பானோ என்னவோ. அப்போது ஒவ்வொரு வேளைக் கஞ்சிக்கும் புரையேறி உதடு நீலமாகிக்கொண்டிருந்தது, உன்னிடம் சொல்லவில்லை.

தப்பு எங்கள் மேல்தான். நாலு வயசுப் பிள்ளையை, பாவம் என்று மடியில் மல்லாத்திப் பாலாடையில் புகட்டிக்கொண்டிருந்தோம். நீங்க மல்லாக்கப் படுத்துக்கிட்டுக் குடிச்சுப் பாருங்க, உங்களுக்கும் ஏறும் என்றார் நர்ஸம்மாள். உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, சின்னக் கரண்டியால் கொடுக்கச் சொல்லித் தந்தார். உட்கார வைப்பது எப்படி? நம் கடையில் கருப்பட்டி போட்டு அனுப்பும் பெரிய பெட்டி ஒன்றில் உமிமூட்டை அடைத்து அப்பாதான் இடம் செய்தார். பக்கத்துக் கடை செல்வதுரை அண்ணாச்சி வந்து, ஏலே காசி, கருப்பட்டிப் பெட்டியில இருக்கியே, உன்ன எந்த ஊருக்கு அனுப்புதாவ என்று கேட்டார். அவன் உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தான். இப்போது புரையேறுவதில்லை. கை கால் இழுப்பு முழுக்கப் போய்விடும் என்று நர்ஸம்மாள் சொல்லவில்லை, நானும் உனக்கு அப்படி எழுத மாட்டேன். தலை நிற்கிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான்.

போன மாதம் நர்ஸம்மாள் அவன் பிறந்த கதையைக் கேட்டார். பிரசவத்தில் நான் உன் பக்கத்திலேயே நின்றதால், இரண்டு நாள் நீ வலியில் கிடந்ததையும் பிள்ளை வெகுநேரம் அழாததையும் சொன்னேன். எத்தனை மாசம் பால் கொடுத்தீங்க என்றார். பெற்றவள் நீ, நான் உன் சித்தி என்ற உண்மையைச் சொன்னேன். அப்ப இத்தனை நாளும் என்னை ஏமாத்தியிருக்கீங்க என்று பேனாவை வைத்துவிட்டார். இனி வரவேண்டாம் என்பார் என்று நினைத்துக் காசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் அவன் காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். தினமும் செய்யாம இது வராது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, புத்தகத்தில் தாய் என்பதை அடித்து, தாயின் சித்தி என்று எழுதினார். பிறகு வாசலுக்குப் போய், மூன்றாவது முறையாக வந்து நின்ற அந்த ஸ்ரீவைகுண்டத்துக்காரரை, உள்ள வாங்க என்று கூப்பிட்டார். அவர் மனைவி இறந்து இரண்டு வருஷமாம். அன்றைக்குத்தான் நர்ஸம்மாள் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அதோடு நிற்கவில்லை. வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் திருநெல்வேலி ரோட்டு ஊர்க்காரர்கள், பஸ் மாறி வருவதற்குள் பிள்ளைகள் துவண்டுவிடுகிறார்கள் என்றேன். இடம் தந்தால் புதன்கிழமை நானே வாரேன் என்றார். அப்பா கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் கிட்டங்கியை ஒழித்து, பாய் விரித்து வைத்திருக்கிறார். நாளைக்குத்தான் முதல் நாள்.

நீ அவனை விட்டுப் போனதாக நினைத்து அழாதே. அவனைப் பார்க்க ஏழாம் மாதத்தில் கப்பல் ஏற வேண்டாம். பிள்ளை தேறிவருவது தெரியட்டும், உன் மாமியாரிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. காசியின் தாய் நீதான், சந்தேகமே வேண்டாம். முருகன் துணையால் சுகப்பிரசவம் ஆகி, பதினாறும் பெற்று நீ நன்றாக இருக்க வேண்டும். ஆவணியில் வரும்போது மறக்காதே, அவனைத் தோளில் போடாதே, கால் இரண்டு பக்கமும் விரிந்திருக்கும்படி இடுப்பில் வைத்துத் தூக்கு.

இப்படிக்கு,
உன் சித்தி
செல்லத்தாய்

வியாழக்கிழமை காலை: தபாலில் சேர்க்குமுன் இதை எழுதுகிறேன். நேற்று ஏழு பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு பேரைத்தான் தாய்மார் தூக்கி வந்திருந்தார்கள்.