தராசில் பிழையில்லை, பிள்ளை

காலையில் தராசைச் சரிபார்க்காமல் தேநீர்கூடக் குடிக்காத என் சுகந்திப் பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். முன்பள்ளிக் கட்டடத்தில் பின்னேரங்களில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. போன தையில் சேர்ந்தேன். உங்கள் பெயரைப் பிழையில்லாமல் எழுதிய அன்று சந்தோசம் தாங்கவில்லை. மணலில் எழுதினேன். கரித்துண்டால் கதவிலும் எழுதினேன். பிறகுதான் நினைவு வந்தது, கூட்டிவந்து காட்ட நீங்கள் இல்லை என்று.

இதை வகுப்பில் எல்லோருக்கும் வாசிக்கப் போகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்லுவேன். பொறுத்துக்கொள்ளுங்கோ.

யுத்தத்துக்குப் பிறகு முகாமிலிருந்து, மன்னாரில் திருக்கேதீஸ்வரத்துக்குக் கிட்ட உள்ள எங்கள் ஊருக்கு நாங்கள் திரும்பி வந்த இரண்டாம் வருடம், பல்கலைக்கழகத்திலிருந்து நீங்கள் வந்தீர்கள். மீளக்குடியேறிய ஊர்களில் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படி வளர்கிறார்கள் என்று பார்த்து அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுக்கிற ஆராய்ச்சி. நாலு மாணவர்கள், ஒரு வான் வண்டி, ஒரு தகரப்பெட்டி நிறையப் படிவங்கள். எல்லாவற்றையும் நடத்துகிற பொறுப்பு உங்கள் தலையில். வழி காட்டவும் தராசு தூக்கவும் என்னைச் சேர்த்துக்கொண்டு, பெரியப்பா என்று கூப்பிடத் தொடங்கினீர்கள்.

ஒவ்வொரு காலையும் வேப்பங்கொப்பில் தராசைக் கட்டுவேன். ஐந்து லீற்றர் தண்ணீர்க் கானை அதில் தொங்கவிட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பீர்கள். "தராசு பொய் சொன்னா நாங்கள் எல்லாரும் பொய்யர், பெரியப்பா." அதன் பிறகுதான் யாருக்கு எந்த வீடு என்று மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பீர்கள்.

தராசு பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் பின்னால் நடந்தான்.

நீங்கள் வருவதற்கு முதல் நாள் நான் வீடு வீடாகப் போயிருந்தேன். "கம்பஸ் ஆக்கள் வருகினம். என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு கேட்டா நல்லாச் சொல்லுங்கோ. ஊரின்ர மானத்தை வாங்காதேங்கோ." முகாமில் வருடக்கணக்காகக் கோப்பையோடு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். சொந்த மண்ணுக்கு வந்த பிறகும் வெளியாருக்கு வெறும் சட்டியைக் காட்டுவதா? என் வீட்டுப் படிவத்துக்குப் பாரை மீன், முட்டை, பசும்பால் என்று சொல்லிப் பெருவிரலை அமத்தினேன். எங்கள் வளவில் பசுவே இல்லை.

படிவங்கள் எல்லாம் சேர்ந்த பிறகு ஒரு மத்தியானம் மரத்தடியில் தனியே இருந்து புரட்டிக்கொண்டிருந்தீர்கள். திடீரென்று எழும்பி, கானைத் தொங்கவிடச் சொன்னீர்கள். இறக்கச் சொன்னீர்கள். திரும்பவும் தொங்கவிடச் சொன்னீர்கள். பிறகு என் பேத்தி கவியைக் கூப்பிட்டு, அவள் மேற்கையில் அளவு நாடாவைச் சுற்றினீர்கள். சிவப்பில் நின்றது. சிவப்பென்றால் பிள்ளைக்குச் சாப்பாடு போதவில்லை.

"தராசில பிழையில்லை, பெரியப்பா. பாரையும் முட்டையும் சாப்பிடுற பிள்ளைக்கு ஏன் இந்தக் கை?"

"நான்தான் பிள்ளை, எல்லாரையும் அப்பிடிச் சொல்லச் சொன்னனான்."

நீங்கள் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "இது இப்பிடியே அரசாங்கக் கச்சேரிக்குப் போனா, இந்த ஊருக்கு ஒண்டும் தேவையில்லை எண்டு முடிவெடுப்பினம். பிறகு கவிக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று மட்டும் கேட்டீர்கள்.

அன்றே பேராசிரியரோடு தொலைபேசியில் கதைத்தீர்கள். "ஓம் சேர். பிழைதான் சேர். வான் தராட்டி சைக்கிளில போறன் சேர். எனக்கு இன்னும் ஒரு மாசம் வேணும்."

அந்த மாதம் முழுக்கச் சோளகக் காற்று. கண்ணுக்குள் மண். இந்த முறை ஒவ்வொரு வீட்டிலும் நான்தான் முதலில் வாய் திறந்தேன். "எங்கட வீட்டில நேற்றுச் சோறும் சம்பலும். இரவைக்கு வெறும் தேத்தண்ணி." நீங்கள், "எனக்குப் பாணும் வாழைப்பழமும்" என்பீர்கள். அதன் பிறகுதான் படிவம் வெளியே வரும். பக்கத்து வீட்டுப் பாக்கியம் விட்டாளா?

"அண்டைக்குப் பாரை எண்டு சொல்லச் சொன்னியள். அந்தப் பாரை எங்க அண்ணை, திரும்பக் கடலுக்கே போயிட்டுதோ?"

நீங்கள் சிரித்துச் சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் குந்திவிட்டீர்கள். கனநேரம் எழும்பவில்லை. சிரிப்புத்தான் என்று நானும் நினைத்தேன்.

நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாள் கிரியைக்கு யாழ்ப்பாணம் வந்தேன். உங்கள் அம்மா எனக்குச் சோறு போட்டபடி சொன்னா. "வயித்தில கட்டி எண்டு டொக்டர் உடன வரச்சொன்னவர், அண்ணை. மன்னாரில ஒரு மாசம் வேலை கிடக்கு, முடிச்சிட்டு வாறன் எண்டிட்டாள்."

எந்த மாதம் என்று எனக்கு விளங்கியது. "உடன போயிருந்தா, தங்கச்சி?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்? டொக்டரும் சொல்லேல்லை."

அந்த மாதம் என்னால் வந்தது என்று அவவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கை சோற்றிலேயே கிடந்தது. அந்த ஒரு மாதத்தை உங்களிடமிருந்து பறித்தவன் நானா, பிள்ளை?

பிறகு உங்கள் அறிக்கை தமிழில் மெல்லிய புத்தகமாக முன்பள்ளிக்கு வந்தது. அதை வாசிக்கத்தான் வகுப்பில் சேர்ந்தேன். என் பொய்யைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். வேறு ஆளை வாசிக்கச் சொல்ல வெட்கம். ஒரு நாளைக்கு நாலு வரி என்று விரல் வைத்துப் போனேன். போன கிழமை அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன். முதல் தரம் கிடைத்த விடைகளைச் சேர்க்கவில்லை என்றும், கேட்ட விதம் பிழை என்றும், அந்தப் பிழை ஆய்வை நடத்திய உங்களுடையது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஊரைப் பற்றி ஒரு குறையும் இல்லை. என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான்தான் எழுத்துக்கூட்டப் பிழைத்துவிட்டேனோ என்று மூன்று தரம் வாசித்தேன்.

ஏன் அப்படி எழுதினீர்கள்?

ஊர்ப் புதினம் கேளுங்கோ. அறிக்கை கச்சேரிக்குப் போன பிறகு முன்பள்ளியில் காலையில் இலைக்கஞ்சி கொடுக்கிறார்கள். கிழமையில் இரண்டு நாள் முட்டையும் உண்டு. கவிக்குக் கஞ்சி கசக்குதாம். பூனைக்கு ஊற்றப் பார்க்கிறாள். ஆனாலும் அவள் கையில் நாடா பச்சைக்கு வந்துவிட்டது. அந்தப் பச்சையைக் கண்ட அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்த மாதம் பிள்ளைகளை நிறுக்கப் புது ஆட்கள் வருகிறார்களாம். அவர்கள் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் நான் திரும்பவும் வீடு வீடாகப் போவேன். சட்டியில் இருந்ததைச் சொல்லுங்கோ என்று சொல்லுவேன். காலையில் கானைத் தொங்கவிட்டு முள்ளைப் பார்ப்பேன்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் புத்தகத்தில் ஒரு பிழை உண்டு. அந்தப் பிழை உங்களுடையது அல்ல, என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், உங்கள் அம்மாவுக்கு முன்னால் இருந்து, இந்தக் கடிதத்தை நானே வாசிப்பேன். அவ என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். இது சத்தியம், பிள்ளை.

இந்த முறை பெருவிரல் இல்லை, கையெழுத்து.

உங்கட பெரியப்பா,
சின்னத்தம்பி