விலை படியாத மெயில்கள்

பிப்ரவரி 3, 2025
இன்று கம்ப்யூட்டரில் மெயிலுக்குப் பதில் போக மறுத்துவிட்டது. மெமரி போதவில்லையாம். கொச்சிக் கம்பெனி மிளகு கேட்டிருக்கிறது. வெள்ளிக்குள் மெயிலில் சம்மதம் போகாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு. போனில் சொன்னால் செல்லாது. செல்போனிலிருந்து அனுப்பலாமென்றால் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 4
கம்ப்யூட்டர் சென்டர் பானுமதி வந்து பார்த்தாள். நான் பாதி எழுதிய பதில்கள் வரிசையாகத் திறந்து கிடந்தன.

“ஏனுங்கண்ணா, இத்தனையும் தொறந்து போட்டா பழைய மெஷின் என்னங்க பண்ணும்? மூடுங்க, செரியாயிரும்.”

எப்படி மூடுவது? விலை படியாத மூட்டையின் வாயை எங்கள் சோளக்காடு சந்தையில் எந்த வியாபாரியும் தைக்க மாட்டான். தைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். மெயில் மட்டும் வேறா? கரண்ட் போனாலும் அணையக் கூடாதென்றுதானே இன்வெர்ட்டர் வைத்தேன்?

“அப்பப் புது மெஷின் வாங்குங்க.”

அதற்கு எல்லா மெயிலுக்கும் விலையையே பேசி முடித்துவிடலாம்.

பிப்ரவரி 5
பதில் பாதியில் நின்ற ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். சேலத்துக்காரரிடம் போன வருஷப் பலாவுக்கு விலை பேசினேன்.

“பழம் இருக்குதுங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப நீங்க சொன்ன வெலைக்கே எடுத்துக்கறனுங்க.”

முடிந்தது, மூடினேன். நல்ல மனுஷன்.

திருச்செங்கோட்டுக்காரர் காலமாகிவிட்டார். அவர் மகன் காப்பிக்கொட்டையில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்டான். கொட்டையே இல்லை, ஆனாலும் நான் குறைக்கவில்லை. கடைசியில் என் விலைக்கே வந்தான், அதையும் மூடினேன். வியாபாரம் வியாபாரம்தானே?

பிப்ரவரி 6
ஒன்றுதான் பாக்கி. எதிர்க்கடை காளியண்ணனோடு ஒரே லாரியில் சரக்கு அனுப்பலாமென்று ஆரம்பித்தது. வாடகையில் முறுக்கிக்கொண்டு பேச்சே நின்றுபோனது. லாரியை நாலு பக்கமும் படம் பிடித்துச் சேர்த்திருந்தேன், அதுதான் மெமரியை அடைக்கிறது.

“பேசாம மூடுங்க, அந்தாளுக்குத் தெரியவா போகுது?” என்கிறாள் ரஞ்சிதா. பெண்டாட்டிக்கு எல்லாம் சுலபம். எனக்குத் தெரியுமே.

பிப்ரவரி 7
காலையிலேயே எதிர்க்கடை ஏறி விஷயத்தைச் சொன்னேன். காளியண்ணன் சிரிக்கவில்லை.

“என்ற மெஷின்லயும் உன்ற மெயில் தொறந்தேதான் கெடக்குது மாப்ளே. கொச்சிக்காரன் எனக்குந்தான் எழுதியிருக்கான். பதில் போகல.”

“மூட வேண்டீதுதான?”

“வெல படியாமயா?”

உட்கார்ந்து பேசினோம். டீ அவர் வாங்கினார். இரண்டு பேரும் அவரவர் கடையில் மெயிலை மூடினோம். என் பதில் கொச்சிக்குப் போய்விட்டது.

முடிவானது: ஆர்டர் என் பெயரில். மிளகு ஆளுக்குப் பாதி, லாரி வாடகை ஆளுக்குப் பாதி. மூட்டை தைக்கும் சணல் அவர் செலவு.