பந்தலுக்குப் போன கழிகள்

முருகன் துணை

சுங்கை பினாங்
30-1-1928

என் கண்ணான மகள் ஜெயலெட்சுமிக்கு அப்பா சுப்பையா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது.

நான் சுகம். நீ சுகம் என்று மாப்பிள்ளை கையால் ஒரு வரி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். "பொண்ணக் கட்டிக்குடுத்து மூணு நாளுதானே ஆவுது, அதுக்குள்ளயா?" என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்கிறார்கள். கெப்பாலா பத்தாஸ் என்ன சீமையா என்கிறார்கள். நடுவில் ஒரு கடல் கிடக்கிறதே, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

உன் கல்யாணப் பந்தல் அப்படியே நிற்கிறது. வாழைமரம் வாடிவிட்டது. தோரணத்தை எதிர்வீட்டு ஆடு தின்றுவிட்டது. இருந்தாலும் தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். சிக்கந்தர் கடைக்குத் தேநீர் குடிக்கப் போனால் அவன் என்னை விடுவதில்லை. "மண்டோரண்ணே, பெரிய வீட்டுக் கல்யாணத்துலகூட இவ்ளோ ஒசரப் பந்தல நான் பாத்ததில்லலா. கழியெல்லாம் எங்கண்ணே புடிச்சீங்க?" என்றான். கொத்தாட்களை மேய்த்துச் சாரத்தில் பிழைக்கிற மண்டோருக்குக் கழிக்கா பஞ்சம் என்று சொல்லிச் சிரித்துவைத்தேன். தாயில்லாத பெண், ஏதோ ஒப்புக்குக் கட்டிக்கொடுத்தான் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாதல்லவா.

நாளைக்கே மறுவீட்டுக்கு வந்துவிடுவீர்கள் என்று பலகாரத்துக்கு மாவு இடித்து வைத்தேன். செவ்வாயில் பெண்ணை அனுப்ப மாட்டேன், புதன்கிழமைதான் என்று உன் மாமியார் சொல்லியனுப்பிவிட்டார். மறுவீடு முடிகிற வரை பந்தல் காலில் கை வைக்கக் கூடாதாம். சம்பந்தியம்மாள் சொன்னால் சரி. நான் வைக்கவில்லை.

நாளை நீங்கள் வரவில்லை என்பதால் பர்மா ரோட்டு மாடிவீட்டு வேலை நாளையே மறுபடி தொடங்குகிறது. சாரம் கட்டுகிற சீனர்கள் பெருநாளுக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. அவர்களுக்காகக் காத்திருக்காமல் மேல்மாடிப் பூச்சு முடிந்தாக வேண்டும் என்று முதலாளி தவுக்கே குதிக்கிறார். கொத்தன் சின்னையாவைத்தான் ஏற்றப்போகிறேன். அவன் கையில் கரணை ஓடுகிற ஓட்டம் வேறு யாருக்கும் வராது.

புதன்கிழமை உனக்குப் பிடித்த அதிரசம் காத்திருக்கும்.

உன்னைப் பெற்ற
சுப்பையா


கெப்பாலா பத்தாஸ்
2-2-1928

அன்புள்ள அப்பாவின் பாதங்களுக்கு உங்கள் செல்ல மகள் வணங்கி எழுதுவது.

நேற்று மறுவீட்டுக்குப் புடவை மாற்றி, கூடையை வாசலில் எடுத்து வைத்த நேரத்தில் நீங்கள் அனுப்பிய ஆள் வந்து நின்றான். "சின்னையா சாரத்துலேருந்து விழுந்து செத்துட்டாரு. மண்டோர் உங்கள வர வேணாம்னாரு." இவ்வளவுதான் சொன்னான். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

எப்படி அப்பா விழுந்தார்? உங்கள் கீழ் வேலை செய்து யாரும் விழுந்ததில்லையே. நானும் மீனாட்சி அக்காவும் சுண்ணாம்புக் கூடை சுமந்த நாளில், சாரத்தின் ஒவ்வொரு காலையும் ஆட்டிப் பார்க்காமல் ஒருவரையும் நீங்கள் ஏற விட்டதில்லை. "ஆட்டிப் பாத்தியா? இல்ல, அப்பன் வீட்டுப் படின்னு நெனப்பா?" என்று கேட்டு, என்னையே ஒருநாள் எல்லார் முன்னாலும் அறைந்தீர்கள். அன்றைக்கு அழுதேன். இப்போது நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது.

சின்னையா அண்ணன் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க விரதம் இருந்தாரே. என் கல்யாணப் பந்தியில் ஒரு வாழைப்பழத்தோடு எழுந்துவிட்டார். பாயசமாவது குடியுங்கள் என்றேன். "தண்ணீர்மலையில காவடிய எறக்கிட்டு வந்து குடிக்கிறேன் தங்கச்சி. அதுவரைக்கும் எடுத்து வையி" என்று சிரித்தார். குடியை விட்ட பிறகு அந்த மனிதர் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. அவரைக் கட்டிய மீனாட்சி அக்கா முகத்திலும்தான்.

இங்கே அத்தை, புதுப்பெண் காலடி வைத்த வாரத்திலேயே சாவுச் செய்தி வருகிறது என்று அடுப்படியில் முணுமுணுக்கிறார். அது கிடக்கட்டும். மீனாட்சி அக்காவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அவள் கைக்குழந்தைக்குப் பால் இருக்கிறதா? நீங்கள் சாப்பிட்டீர்களா? கூட வேலை செய்தவன் போனால் நீங்கள் எப்படி உடைந்துபோவீர்கள் என்று எனக்குத் தெரியும். உடனே எழுதுங்கள்.

உங்கள் செல்ல மகள்
ஜெயலெட்சுமி


முருகன் துணை

சுங்கை பினாங்
6-2-1928

அன்பு மகள் ஜெயலெட்சுமிக்கு அப்பா எழுதுவது.

தைப்பூசம் வந்து போய்விட்டது. இந்த வருஷம் நான் தண்ணீர்மலைக்குப் போகவில்லை.

நீ கேட்டதால் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை காலையில் சின்னையா கள்ளுக்கடையிலிருந்து நேராக வேலைக்கு வந்திருக்கிறான். விரதம் விரதம் என்று ஊரை ஏமாற்றியிருக்கிறான். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? மேலே போனவன் கால் தடுமாறிவிட்டான். அவன் விதி அவ்வளவுதான். சாரத்தில் ஒரு குறையும் இல்லை. அது விழவும் இல்லை, நின்ற இடத்தில் நிற்கிறது. வேண்டுமானால் வந்து பார்.

பந்தலை அன்று சாயங்காலமே பிரித்துவிட்டேன். சாவு விழுந்த பிறகு தோரணம் எதற்கு?

பதினான்காம் தேதி மாஜிஸ்திரேட் முன்னால் மரண விசாரணை. நான்தான் முதல் சாட்சி. பார்த்ததைச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். நீ மீனாட்சிக்குக் கடிதம் கிடிதம் எழுதிக்கொண்டிருக்காதே. புருஷனைப் பறிகொடுத்தவள், புத்தி பேதலித்து எதையாவது உளறுவாள். புது வீட்டில் நல்ல பெயர் எடுக்கிற வழியைப் பார்.

உன் அப்பா
சுப்பையா


கெப்பாலா பத்தாஸ்
9-2-1928

அப்பாவுக்கு,

வேண்டுமானால் வந்து பார் என்று எழுதியிருந்தீர்கள். வந்து பார்த்தேன்.

நேற்று உங்கள் மாப்பிள்ளை என்னைப் படகில் அழைத்து வந்தார். மீனாட்சி அக்காவைப் பார்த்துவிட்டு நம் வீட்டுக்கு வருவதாகத்தான் இருந்தது. வரவில்லை. ஏன் என்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

அக்கா உளறவில்லை, அப்பா. அழக்கூட இல்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, சந்தைக்குப் போய் வந்த கதையைச் சொல்வதுபோல் சொன்னாள். அன்று காலையில் சின்னையா அண்ணன் சாரத்தின் காலைப் பிடித்து ஆட்டியிருக்கிறார். நீங்கள் கற்றுக்கொடுத்ததுதானே. சாரம் தொட்டில்போல ஆடியிருக்கிறது. "மண்டோரண்ணே, ஆடாம இருக்க குறுக்கால கட்டியிருந்த கழி ஒண்ணையும் காணோமே. பந்தலுக்குப் போனது இன்னும் திரும்பலையா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு நீங்கள் சொன்னதையும் அக்கா சொன்னாள். "நாளைக்கு மறுவீடு முடிஞ்சதும் வந்துரும்டா. காவடி எடுக்கிறவன் பயப்படலாமா? ஒனக்குத்தான் முருகன் இருக்கானே, ஏறு."

அவர் ஏறினார். அக்கா சுண்ணாம்புக் கூடையோடு ஏணியில் பாதியில் இருந்தாள். அவர் சுவரில் கரணையை அழுத்தினாராம். அழுத்திய வேகத்தில் சாரம் பின்னுக்குப் போய் முன்னுக்கு வந்ததாம். அவர் அவள் கண்ணெதிரே கீழே போனார்.

அவர் விரதம் இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த விரதத்தைச் சொல்லியே அவரை ஏற்றிவிட்டு, விழுந்த பிறகு கள் குடித்தான் என்கிறீர்களே. எந்த நாக்கால் அப்பா சொன்னீர்கள்?

பிறகு பர்மா ரோட்டுக்குப் போனேன். சாரம் நிற்கிறது, உண்மைதான். இப்போது குறுக்கே கழிகள் இருக்கின்றன. கீழ்த்தட்டில் நான்கு கழிகளில் மஞ்சள் இருக்கிறது. குங்குமமும் இருக்கிறது. ஒன்றில் என் கை அப்படியே பதிந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முதல் நாள், மூலைக்கால் நாலுக்கும் பெண்ணே மஞ்சள் பூசட்டும் என்று நீங்கள்தானே என் கையில் கிண்ணத்தைக் கொடுத்தீர்கள். கழியில் சுண்ணாம்பு தெறித்திருப்பதை அன்றே பார்த்தேன். எங்கப்பா வேலை செய்கிற கழி என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு பூசினேன். சாரத்திலிருந்து அவிழ்த்து வந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

கழியை எடுத்துவந்ததைக்கூட நான் பொறுப்பேன். பெண்ணின் மேல் உள்ள ஆசையில் செய்தீர்கள். திரும்பக் கட்டாமல் ஒரு மனிதனை மேலே ஏற்றியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பதினான்காம் தேதி உண்மையைச் சொல்லிவிடுங்கள். மறுவீட்டுக்காகப் பந்தலை விட்டுவைத்தேன், புத்தி கெட்டுப்போனேன் என்று சொல்லுங்கள். தண்டனை கொடுத்தால் ஒவ்வொரு வாரமும் சோறு கட்டிக்கொண்டு வந்து பார்ப்பேன். சாகிற வரை உங்களைத் தலையில் வைத்துக்கொள்வேன். குடிகாரன் பெண்டாட்டி என்ற பெயரோடு மட்டும் அக்காவைத் தெருவில் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. கடிதத்துக்கு மேலே முருகன் துணை என்று எழுதுவதை நிறுத்துங்கள்.

மகள்
ஜெயலெட்சுமி


சுங்கை பினாங்
11-2-1928

ஜெயலெட்சுமிக்கு,

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். கல்லையே பார்த்துவிட்டேன்.

யாருக்காக அந்தக் கழிகளை அவிழ்த்தேன்? எனக்கு மாலை போட்டுக்கொள்ளவா? உன் தாய் போன நாளிலிருந்து உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவன் நான். புதன்கிழமை கழியைத் திரும்பக் கட்டியிருப்பேன். ஒரு நாள். ஒரே ஒரு நாளில் அவன் விழுந்து தொலைத்தால் நான் என்ன செய்ய? செவ்வாயில் அனுப்ப மாட்டேன் என்றது உன் மாமியார். பந்தல் காலைத் தொடாதே என்றதும் அவர்தான். அவரைப் போய்க் கேள்.

நான் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? என் மண்டோர் வேலை போகும். ஜெயிலுக்கும் போவேன். அதை விடு. உன் கல்யாணப் பந்தல் ஆளைக் காவு வாங்கியது என்று இரண்டு ஊரும் பேசும். உன் மாமியார் உன்னை வாசலோடு திருப்பி அனுப்புவார். உனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். செத்தவன் குடித்தான் என்றால் அவனுக்கு வலிக்கப்போகிறதா? உயிரோடு இருக்கிற உனக்குத்தான் வலிக்கும்.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது பெரியவர்கள் வாக்கு. உனக்கு அதுவும் ஆடவில்லை.

நீ கோர்ட்டுக்கு வந்து நின்றால், உனக்குப் பிறந்த வீடு இல்லை. யோசித்துக்கொள்.

சுப்பையா


கெப்பாலா பத்தாஸ்
17-2-1928

மண்டோர் சுப்பையா அவர்களுக்கு,

நான் கோர்ட்டில் நின்றதை நீங்கள் பார்த்தீர்கள். நீங்கள் சத்தியம் செய்து, கள் வாடை அடித்தது என்று சொன்னதை நான் கேட்டேன். உங்கள் குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி தொடங்கியிருப்பேன்.

மீனாட்சி அக்கா சொன்னதை, புருஷனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று தள்ளிவிட்டார்கள். கழிகளை வண்டியில் ஏற்றிய ஆட்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நாளைக்கும் வேலை வேண்டும். நான் முன்னால் போய், கழியில் இருக்கும் மஞ்சள் என் கை என்றேன். மாஜிஸ்திரேட் துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஓர் இன்ஸ்பெக்டரைப் பர்மா ரோட்டுக்கு அனுப்பினார். அந்த நேரம் முழுவதும் நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஏன் என்று இன்ஸ்பெக்டர் திரும்பி வந்த பிறகுதான் புரிந்தது. கழியெல்லாம் வெள்ளையாக இருக்கிறது, மஞ்சள் எதுவும் இல்லை என்றார்.

சுவருக்கு வெள்ளையடித்துப் பார்த்திருக்கிறேன். சாரத்துக்கு வெள்ளையடித்த மண்டோர் இந்தப் பினாங்கிலேயே நீங்கள் ஒருவர்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்கள். துரைக்குச் சோறுதான் தெரிந்தது. வாசலில் நின்ற உங்கள் ஆட்களுக்குப் பூசணிக்காய் தெரிந்தது. அவர்களில் ஒருவர் தலைத்துண்டை உதறிவிட்டு, "சாரத்துக்கு யாருடா சுண்ணாம்பு அடிப்பான்?" என்று கேட்டது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். வழக்கில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். குடித்துவிட்டு விழுந்தான் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

அன்று மாலையே தவுக்கேயின் ஆள் வந்து, குடித்துச் செத்தவன் பெண்டாட்டிக்குக் கூலி வீட்டில் இடமில்லை என்று அக்காவின் சட்டிபானையை வெளியே வைத்துவிட்டான். அவளையும் குழந்தையையும் இங்கே அழைத்து வந்துவிட்டேன். அத்தை வாசலோடு திருப்பி அனுப்புவார் என்று எழுதியிருந்தீர்களே. எல்லாவற்றையும் அவரிடம் நானே சொன்னேன். "நான் செவ்வாக்கெழம கூடாதுன்னு சொல்லாம இருந்திருந்தா..." என்று பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போனார். திரும்பி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். நாள் பார்த்த பாவத்துக்கே அவருக்குக் கண் கலங்கியது. உங்களுக்கு ஒன்றும் இல்லை.

சின்னையா அண்ணனுக்கு எடுத்துவைக்கச் சொன்ன பாயசத்தை நேற்று வைத்துப் படைத்தோம். அக்கா அப்போதுதான் அழுதாள்.

பிறந்த வீடு இல்லை என்றீர்கள். சரி. எனக்குக் குழந்தை பிறந்தாலும் சொல்லியனுப்ப மாட்டேன். நீங்கள் படுத்துவிட்டால் எனக்குச் சொல்லியனுப்ப வேண்டாம். எழுதினால் பிரிக்க மாட்டேன். உங்கள்மேல் எனக்கிருந்த பாசம் இன்னும் போகவில்லை. அதுதான் என் தலையெழுத்து. அது போகிற வரை நான் அழுதுகொள்கிறேன், உங்களுக்கு அதில் வேலை இல்லை.

மகளாக இனிக் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. உங்களிடம் கூடை சுமந்தவளாக ஒன்று கேட்கிறேன். நாளைக் காலையில் அந்தச் சாரத்தில் யாரோ ஒருவன் ஏறுவான். அவன் ஏறுவதற்கு முன் காலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அவனை ஏற்றாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சாரத்தில் சுண்ணாம்பு சுமந்த
ஜெயலெட்சுமி